அண்ணாந்து பார்க்கும் கூட்டம்

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணியினருக்கும், அவர்களுக்குக் கைதட்டி உள்ளங்கை சிவந்துபோயிருக்கும் அவையோருக்கும் என் வணக்கம்.

இன்றைய தலைப்பு, 'காப்பாற்ற ஒருவன் வருவான் என்ற நம்பிக்கை மனிதனை எழுப்புகிறதா, உட்கார வைக்கிறதா?' எழுப்புகிறது என்று எதிரணித் தலைவர் எழுந்து நின்று பேசினார். ஐயா, கேட்ட நாங்கள் எல்லாரும் உட்கார்ந்துதான் இருந்தோம். அதிலேயே பாதித் தீர்ப்பு வந்துவிட்டது என்று சொல்லி நான் மேடையை விட்டு இறங்கிவிடலாம். நடுவர் விடமாட்டார். கொடுத்த நேரத்துக்குப் பேசித்தான் ஆகவேண்டும்.

எதிரணி சொன்னதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பதில் சொல்ல வந்தவன் கேள்வியை மறைக்கக் கூடாது. தலைவர் ஓர் ஆய்வைக் கொண்டுவந்தார்: பேட்மேனை நினைத்துக்கொண்டால் குழந்தைகள் நன்றாக உழைக்கிறார்களாம். அடுத்துப் பேசிய அம்மையார், சூப்பர்மேன் பிறந்ததே தகப்பனை இழந்த ஒரு பையனின் கண்ணீரில்தான் என்று சொல்லி, முன்வரிசையில் இரண்டு பேரைக் கண் துடைக்க வைத்தார். மூன்றாவதாக வந்த தம்பி, ஜெர்மன் தத்துவஞானி நீட்ஷேயையும் ஸ்பைடர்மேனையும் ஒரே மூச்சில் இழுத்துவந்தார். இழுத்த இழுப்பில் இருவருக்குமே மூச்சு வாங்கியிருக்கும். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கதியற்றவனுக்கு மிச்சம் இருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான், அதையும் பிடுங்கப் போகிறீர்களா?" என்று எங்கள் அணியைப் பார்த்துக் கேட்டார். மற்றதெல்லாம் எப்படியோ, அந்தக் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல முடியாது. ஆகவே கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். 'மீட்பர்' என்ற சொல்லை இன்று எதிரணி எத்தனை முறை சொன்னது என்று நான் எண்ணவில்லை. மீட்பது என்றால் என்ன ஐயா? எதை மீட்போம்? அடகு வைத்ததை மீட்போம். பறிகொடுத்ததை மீட்போம். கையிலேயே இருக்கிற பொருளை யாரும் மீட்பதில்லை. ஆக, எனக்கு ஒரு மீட்பர் வேண்டும் என்று ஒருவன் சொன்னால், அவன் எதையோ எங்கோ விட்டுவிட்டு வந்து நிற்கிறான் என்று பொருள். பறிகொடுத்தவன் வேறு, அடகு வைத்தவன் வேறு. பறிகொடுத்தவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பேச வந்தது அடகு வைத்தவனைப் பற்றி. இந்த இரண்டு பேரையும் ஒருவராக்கிக் காட்டித்தான் எதிரணி இவ்வளவு கைதட்டலை அள்ளியிருக்கிறது.

அடகு வைத்தது எதை? 1784ஆம் ஆண்டில் ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் இதற்குப் பதில் எழுதினார். பிறர் வழிகாட்டாமல் தன் அறிவைத் தானே பயன்படுத்தத் துணியாத பக்குவமின்மை, மனிதன் தானாகவே வரவழைத்துக்கொண்டது என்றார். எனக்காகப் புரிந்துகொள்ள ஒரு புத்தகம், மனச்சாட்சியாக இருக்க ஒரு குரு, என்ன உண்ணலாம் என்று சொல்ல ஒரு மருத்துவர் இருந்துவிட்டால் போதும், காசை எடுத்து வைத்துவிட்டு நான் நிம்மதியாக இருப்பேன் என்று கிண்டலும் அடித்தார். அடகுச் சீட்டில் முதலில் எழுதியிருக்கும் பொருள் அதுதான். சொந்தப் புத்தி.

இனித் தலைவர் சொன்ன ஆய்வுக்கு வருவோம். அந்த ஆய்வு உண்மையானது. 2017இல் வெளிவந்தது. 4 வயதும் 6 வயதுமாக 180 குழந்தைகள். கணினியில் ஒரே மாதிரியான, அலுப்பூட்டும் ஒரு வேலை. 10 நிமிடம் செய்ய வேண்டும். பக்கத்திலேயே கண்ணைப் பறிக்கும் விளையாட்டும் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் ஓடிப்போய் விளையாடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். பெரியவர்கள் நம்மையே அப்படி உட்கார வைத்தால் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். ஒரு பகுதிக் குழந்தைகளிடம் "நான் நன்றாக உழைக்கிறேனா?" என்று தங்களையே கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரிடம் தங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு, பேட்மேன் போலத் தங்களுக்குப் பிடித்த ஒரு பாத்திரத்தின் உடுப்பைக் கொடுத்து, "பேட்மேன் நன்றாக உழைக்கிறாரா?" என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். உடுப்புப் போட்ட பிள்ளைகள்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் வேலையில் நிலைத்தார்கள்.

தலைவர் இதுவரைக்கும் சொன்னார், கைதட்டல் வாங்கினார், உட்கார்ந்துவிட்டார். ஐயா, அந்தப் பிள்ளையிடம் என்ன சொன்னார்கள் என்பதைக் கவனித்தீர்களா? "பேட்மேன் வருவார், உன் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்" என்றா சொன்னார்கள்? "நீதான் பேட்மேன்" என்றார்கள். இது எங்கள் அணிக்குச் சாதகமான ஆய்வு. வழி தவறி எதிரணி மேசைக்குப் போய்விட்டது. இன்னொன்றையும் சொல்கிறேன். அந்த உடுப்புகளில் பாப் என்ற கட்டடக்காரரின் உடுப்பும் இருந்தது. சின்னப் பிள்ளைகளின் தொலைக்காட்சித் தொடரில் வருபவர். அவர் பறக்கமாட்டார், சுவரில் ஏறமாட்டார். கட்டடம் கட்டுவார், பழுது பார்ப்பார். அந்த உடுப்பும் அந்தப் பட்டியலில் இருந்ததே ஐயா!

என் மகளுக்கு நாலு வயதிருக்கும்போது துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து குதிப்பாள். ஒருநாள் ஒரு கரப்பான்பூச்சி பறந்து வந்ததைப் பார்த்து நான் அலறிவிட்டேன். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் பறந்துவரும். அவள் ஓடினாள். பயந்து ஓடுகிறாள் என்று நினைத்தேன். துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து, "அப்பா, தள்ளுங்க" என்றாள். அந்த வயதில் எந்தப் பிள்ளையும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. துண்டு கழுத்தில் இருக்கும் வரை அது காப்பாற்றுகிற கட்சி. வயது ஏறுகிறது, துண்டு இறங்குகிறது, ஒருநாள் நாமும் போய்க் கூட்டத்தில் நின்றுகொள்கிறோம். கதை அதேதான். நாம் அதில் நிற்கிற இடம்தான் மாறிவிடுகிறது. குழந்தையாக நாயகனாய் இருந்தோம். பெரியவர்களாகி அவனுக்காகக் காத்திருப்பவர்கள் ஆனோம். நான் பழிசொல்வது கதையை அல்ல, இந்த இடமாற்றத்தை.

சித்திரக்கதைகளில் அந்தக் கூட்டத்துக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். 1940இல் தொடங்கிய சூப்பர்மேன் வானொலித் தொடரின் முகப்பே அதுதான். மேலே பார்! பறவையா? விமானமா? அவ்வளவுதான். எண்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, நம் தரப்புக்கு இன்றுவரை ஒரே வசனம். அதுவும் தப்பான ஊகம். பறவையும் இல்லை, விமானமும் இல்லை.

கூட்டத்தைப் பற்றி இந்தக் கதைகள் சொல்வது உண்மையா என்று பார்த்தவர்களும் உண்டு. பிரிட்டனில் லங்காஸ்டர், நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் என மூன்று இடங்களில், தெருக் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 சண்டைகளை உட்கார்ந்து பார்த்தார்கள். 2019இல் முடிவு வெளிவந்தது. பத்தில் ஒன்பது சண்டைகளில் பக்கத்தில் நின்ற ஒருவராவது இடையே புகுந்திருக்கிறார். கையைப் பிடித்து இழுத்திருக்கிறார், குறுக்கே நின்றிருக்கிறார், அடிபட்டவரைத் தேற்றியிருக்கிறார். சுற்றி ஆள் கூடக் கூட, யாராவது ஒருவர் தலையிடும் வாய்ப்பும் கூடியிருக்கிறது. அவர்களில் யாரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. நாயகன் பெரியவனாகத் தெரிய வேண்டும் என்றால் கூட்டம் கையாலாகாததாகத் தெரிந்தாக வேண்டும். கதைக்கு அது தேவை. அந்தப் பொய்யைத் திரும்பத் திரும்பப் பார்த்து நாமும் நம்மைப் பற்றி அப்படியே நம்பத் தொடங்கிவிட்டோம். அடகுச் சீட்டில் இரண்டாவது பொருள், பக்கத்தில் நிற்பவன் மேல் வைக்க வேண்டிய நம்பிக்கை.

இனி அம்மையார் சொன்ன கண்ணீர்க் கதை. அதை நான் மறுக்கப் போவதில்லை. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலின் தகப்பனார் கிளீவ்லாந்தில் துணிக்கடை வைத்திருந்தார். 1932இல் திருடர்கள் கடைக்குள் வந்தபோது விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு என்றார்கள். அந்தப் பையன், எந்தத் தீங்கும் அணுக முடியாத ஒருவனைக் கனவு கண்டதில் என்ன தவறு? ஒன்றுமே இல்லை. அவன் பறிகொடுத்தவன்.

ஆனால் அம்மையார் நடுவில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டார். அப்பா இறந்த பிறகு சீகலும், படம் வரையும் அவருடைய நண்பர் ஜோ ஷஸ்டரும் உருவாக்கிய முதல் 'சூப்பர்மேன்' நாயகனே அல்ல. வில்லன்! 1933 ஜனவரியில் அவர்களே அச்சடித்த சின்னப் பத்திரிகையில் அந்தக் கதை வந்தது. பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றல் ஒருவனுக்குக் கிடைக்கிறது. கிடைத்ததும் உலகத்தை ஆளக் கிளம்பிவிடுகிறான். பள்ளிப் பையன்களின் முதல் ஊகம் அது: மட்டில்லாத ஆற்றல் ஒருவன் கையில் போனால், அவன் காப்பாற்றமாட்டான், ஆளப் பார்ப்பான். அதே மாதம் 30ஆம் தேதி ஜெர்மனியில் ஹிட்லர் சான்சலர் பதவி ஏற்றார். நான் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை, தேதியை மட்டும் சொல்கிறேன். அந்த நாட்டு மக்களுக்கும் அன்று ஒரு மீட்பர் தேவைப்பட்டார்.

பிறகுதான் அந்தப் பாத்திரம் நல்லவன் ஆனது, 1938இல் புத்தகமாக வந்தது, உலகம் பூராவும் பறந்தது. தொடக்கத்தில் அவர் நல்ல வேலைகள்தான் பார்த்தார். மனைவியை அடிக்கிற கணவனைப் பிடித்தார், குற்றமில்லாமல் மரண தண்டனைக்குப் போகவிருந்த பெண்ணைக் காப்பாற்றினார். எங்கள் அணிக்கு எதிராக இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பழைய கதைகளைப் படித்தால் எனக்கே மயிர்க்கூச்செறியும்.

அப்புறம் போர் வந்தது. அங்கேதான் சிக்கல். 1940 பிப்ரவரியில் 'லுக்' என்ற இதழ், சூப்பர்மேன் இந்தப் போரை எப்படி முடிப்பார் என்று சீகல், ஷஸ்டரிடமே கேட்டு வாங்கிப் போட்டது. இரண்டே பக்கம். சூப்பர்மேன் ஒரு கையில் ஹிட்லரையும் இன்னொரு கையில் ஸ்டாலினையும் தூக்கிக்கொண்டு ஜெனீவாவில் நாடுகளின் சங்கத்தின் முன்னால் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறார். முடிந்தது போர். நிஜப் போர் அதற்குப் பிறகும் ஐந்தாண்டு நடந்தது. கோடிக்கணக்கான பேர் செத்தார்கள்.

அமெரிக்கா போரில் இறங்கியதும் கதை எழுதுபவர்களுக்குத் தர்மசங்கடம். மலையைத் தூக்குகிறவர் வீட்டில் இருக்க, பக்கத்து வீட்டுப் பையன் துப்பாக்கி தூக்கிக்கொண்டு சாகப் போவதா? 1942இல் செய்தித்தாள் தொடரில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சூப்பர்மேன், கிளார்க் கென்ட் என்ற தன் சாதாரண மனித வேடத்தில் படையில் சேரப் போகிறார். கண் பரிசோதனை. எதிரே இருக்கிற எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்கிறார்கள். அவருடைய ஊடுருவும் பார்வை சுவரைத் தாண்டிப் பக்கத்து அறைப் பலகையைப் படித்துவிடுகிறது. தகுதியில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். கண் சரியில்லை என்று சூப்பர்மேனைத் திருப்பி அனுப்பியது ஒரு மருத்துவப் பரிசோதனை!

நான் சிரிக்கத்தான் சொன்னேன், ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற இடம் இல்லை. ஏன் அப்படி எழுதினார்கள்? உண்மையான ஆபத்து வந்தபோது, மீட்பர் வந்து முடித்துவைப்பது முகாமில் நிற்கிறவனுக்கு அவமானம் என்று அந்த எழுத்தாளர்களுக்கே தெரிந்துவிட்டது. அவன் படுகிற பாட்டுக்கு அர்த்தம் இருக்க வேண்டும் என்றால், பறப்பவர் ஒதுங்கியாக வேண்டும். எதிரணித் தலைவர் அவர்களே, உங்கள் கட்சி 1942லேயே ஆளை வாபஸ் வாங்கிவிட்டது.

இந்தக் கூச்சம் கதை சொல்கிறவர்களுக்கு இன்று நேற்று வந்ததல்ல. கிமு 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் நாடகங்களில் கதை ஒரு முட்டுச்சந்தில் போய் நிற்கும்போது, மேலிருந்து ஒரு தெய்வம் இறங்கி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். எப்படி இறங்கும்? பாரம் தூக்கும் பொறியில் தொங்கிக்கொண்டு இறங்கும். அதற்கு 'மெகானே' என்று பெயர். அரிஸ்டாட்டில் அதைக் குறையாகச் சொன்னார், முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும் என்றார். எனக்கு அரிஸ்டாட்டிலை விட அந்தப் பொறிக்குப் பின்னால் நின்றவர்கள் மேல்தான் நினைவு போகிறது. தெய்வம் வானத்தில் மிதக்கிறது. திரைக்குப் பின்னால் ஆட்கள் வியர்க்க விறுவிறுக்கக் கயிறு இழுக்கிறார்கள். கொட்டகை முழுவதும் தெய்வத்தைக் கும்பிடுகிறது. கயிற்றுக்காரன் கை வழுக்கினால் தெய்வத்தின் கதி என்ன?

தம்பி நீட்ஷேயைத் துணைக்கு அழைத்தார். அவர் சொன்ன மேல்மனிதன் யாரையும் காப்பாற்றக் கிளம்பியவன் அல்ல, தன்னைத் தானே கடக்கிறவன். அவருடைய நூலில் வரும் ஞானி ஜரதுஸ்ட்ரா சீடர்களை அணைத்து வைத்துக்கொள்ளவில்லை. என்னை விட்டுப் போங்கள், உங்களைத் தேடுங்கள் என்று விரட்டினான். ஸ்பைடர்மேன் விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். பெரிய ஆற்றலோடு பெரிய பொறுப்பும் வரும் என்று, ஸ்பைடர்மேனாகும் பையனிடம் அவன் பெரியப்பா சொன்னதாகத் தம்பி சொன்னார். 1962இல் வந்த முதல் கதையில் பெரியப்பா அப்படிச் சொல்லவே இல்லை. அது கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் வரி. பெரியப்பா வாயில் பின்னால் வந்தவர்கள் போட்டுவிட்டார்கள். அதைவிட முக்கியம், அந்தக் கதையில் என்ன நடக்கிறது? திருடன் ஓடுகிறான். தடுத்து நிறுத்தும் வலிமை இருந்தும், அது என் வேலையில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறான் பையன். அதே திருடன் பெரியப்பாவைக் கொன்றுவிடுகிறான். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்ற நினைப்பின் விலையைச் சொல்கிற கதையை எங்கள் அணிக்கு எதிராகக் கொண்டுவந்த துணிச்சலை நான் பாராட்டுகிறேன்.

மீட்பரை நம்பித்தான் ஆகவேண்டிய அவசரம் சில நேரம் வரும், அதை மறுக்கவில்லை. பழைய ரோமானியர்கள் அதற்கு ஏற்பாடே வைத்திருந்தார்கள். ஆபத்துக் காலத்தில் ஒருவரிடம் முழு அதிகாரம். ஆனால் அதிகபட்சம் 6 மாதம். சின்சினாட்டஸ் என்பவரை ஏர் உழுதுகொண்டிருந்த இடத்திலிருந்து அழைத்துவந்தார்கள், அவர் போரை முடித்துப் பதினாறாம் நாளே பதவியை வைத்துவிட்டு ஏருக்குத் திரும்பினார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். மீட்பருக்கும் காலாவதித் தேதி போட்டு வைத்திருந்தார்கள் ஐயா. கிமு 44இல் அந்தத் தேதியை அழித்து, சீசருக்கு ஆயுள் முழுவதும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே ஆண்டிலேயே சீசரைக் கொன்றார்கள், ஆனாலும் குடியரசு மீளவில்லை. அடகுக்குப் போன பொருள் மூழ்கிவிட்டது.

அப்படியானால் உலகம் எப்படித்தான் காப்பாற்றப்படுகிறது? நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெரியம்மை. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 30 கோடிப் பேரைக் கொன்ற நோய். எந்தச் சித்திரக்கதை வில்லனும் அந்தக் கணக்கை எட்டியதில்லை. 1967இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஒழிக்கும் முயற்சியைத் தீவிரமாக்கியது. 1980 மே மாதம் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். நடுவில் 13 ஆண்டு. யார் வந்து ஒழித்தார்? பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். சொல்ல முடியாது, ஏனென்றால் ஒருவர் இல்லை. கவட்டை போல இரண்டு முனை கொண்ட ஒரு சின்ன ஊசியை வைத்துக்கொண்டு வீடு வீடாக நடந்தவர்கள். இங்கே யாருக்காவது அம்மை போட்டிருக்கிறதா என்று கதவைத் தட்டிக் கேட்டவர்கள். திட்டு வாங்கியவர்கள்.

இயற்கையாக அந்த நோய் வந்த கடைசி மனிதர் அலி மாவ் மாலின். சோமாலியாவில் மெர்கா என்ற ஊரில் மருத்துவமனைச் சமையல்காரர், 23 வயது. 1977 அக்டோபரில் நோயாளிகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழி காட்ட ஏறி உட்கார்ந்தார். சில நிமிடப் பயணம். தொற்றிக்கொண்டது. மருத்துவமனையில் வேலை பார்த்தவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. ஏன்? ஊசி வலிக்குமே என்று பயம்! பிற்பாடு அவரே சொன்னது. அவரோடு தொடர்பில் இருந்த 161 பேரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். நோய் அவரோடு நின்றது. பிழைத்துக்கொண்டார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இங்கே சொல்லியிருக்கமாட்டேன். பல ஆண்டு கழித்து அதே மாலின் இளம்பிள்ளை வாத ஒழிப்பு வேலைக்கு வந்தார். சொட்டுமருந்து வேண்டாம் என்று கதவைச் சாத்துகிற தாய்மார்களிடம் போய், "நானும் இப்படித்தான் பயந்தேன், என்ன ஆனது பாருங்கள்" என்று தன் கதையைச் சொன்னார். 2013இல் சோமாலியாவில் அந்த நோய் மறுபடி தலைகாட்டியபோது, அந்த வேலையில் இருக்கும்போதே மலேரியா வந்து இறந்துபோனார். வலிமையால் ஜெயித்த மனிதர் இல்லை அவர். தான் பயந்ததை மறைக்காமல் சொன்னார், கதவுகள் திறந்தன. எந்தச் சூப்பர்மேனுக்கும் அந்த ஆற்றல் கிடையாது. ஊசிதான் அவர் உடம்பில் இறங்காதே!

இனித் தம்பியின் கேள்வி. கதியற்றவனிடமிருந்து நம்பிக்கையையும் பிடுங்குவதா?

ஹாரியட் டப்மனைச் சொல்கிறேன். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர். எல்லாவற்றையும் பறிகொடுத்தவர். சிறுமியாக இருக்கும்போது மேற்பார்வையாளன் யார் மீதோ எறிந்த எடைக்கல் இவர் தலையில் விழுந்து, வாழ்நாள் முழுவதும் நின்ற இடத்திலேயே திடீரென்று உறக்கத்தில் ஆழ்ந்துவிடும் நோய் வந்தது. 1849இல் அடிமைமுறை இல்லாத வடக்குப் பகுதிக்குத் தப்பினார். தப்பியவர் அங்கேயே இருந்திருக்கலாம். 13 முறை போலத் திரும்பிப் போய், ஏறத்தாழ 70 பேரை அழைத்துவந்தார். அடிமைப்பட்ட மக்களை எகிப்திலிருந்து மீட்டதாக விவிலியம் சொல்லும் 'மோசே'யின் பெயராலேயே அவரை அழைத்தார்கள். இதோ, மீட்பர்தானே என்று தம்பி கை தூக்குவார். ஆம், மீட்பர்தான். மறுக்கமாட்டேன். ஆனால் அந்த எழுபது பேரில் யாரையும் அவர் தூக்கிக்கொண்டு பறக்கவில்லை. இருட்டில், குளிரில், நாய் குரைக்கும் தூரத்தில், ஒவ்வொருவரும் தன் காலால் நடந்தார்கள். நடுவழியில் தலைவிக்கே உறக்கம் வந்து விழுந்துவிட்டால், விழிக்கும் வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். வழியில் கதவைத் திறந்துவிட்ட வீட்டுக்காரர்களில் பலர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. தம்பி, அந்த நம்பிக்கையை நான் பிடுங்கவில்லை. அந்த நம்பிக்கைக்குக் கால் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் இன்று மேடையில் காட்டிய நம்பிக்கைக்குச் சிறகு இருக்கிறது, கால் இல்லை.

நடுவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். அம்மையார் பாதியில் விட்ட கதையை முடித்துவிட்டு இறங்குகிறேன்.

சீகலும் ஷஸ்டரும் 1938இல் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்குப் பதிப்பு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அடகுகூட இல்லை, கிரயம். அந்தப் பாத்திரம் கோடி கோடியாகச் சம்பாதித்தது. இவர்கள் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். வருடங்கள் போயின. 1975இல் சீகல் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். ஷஸ்டருக்குக் கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. சூப்பர்மேனைப் பெரும் பொருட்செலவில் படமாக எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. உலகத்தில் யாருக்கு ஒன்று என்றாலும் பறந்து வருகிறவர், தன்னைப் பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. வரமுடியாது, அவர் தாளில் இருக்கிறார்.

சீகல் உட்கார்ந்து ஒரு நீண்ட கடிதம் தட்டச்சு செய்தார். நடந்ததையெல்லாம் எழுதி, அந்தப் படத்துக்குச் சாபமும் கொடுத்து, பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற இரண்டு ஓவியர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். சக ஓவியர்களைத் திரட்டினார்கள், தொலைபேசியில் பேசினார்கள், தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனார்கள், நிறுவனத்தை விடாமல் துளைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் இறங்கிவந்தது. இருவருக்கும் ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 20,000 டாலர், மருத்துவச் செலவு. அதற்கு மேல், இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகக் காணாமல் போயிருந்த அவர்கள் பெயர் மறுபடி சூப்பர்மேனுக்கு மேலே ஏறியது.

மணி அடித்துவிட்டது. இன்று இந்த மேடையில் என்னை உட்கார வைக்கும் உரிமை அந்த மணிக்கு மட்டும்தான் உண்டு என்பதால், கட்டுப்பட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.